ஜன்னலில் வைத்த காபி

பார்த்தா ஸ்வாமிக்கு மட்டும் காபி ஜன்னலில்தான் வரும். மற்ற எல்லோருக்கும் வேங்கடலக்ஷ்மி மாமி டபரா டம்ளரைக் கையில் கொடுப்பாள். எனக்குக் கையில். கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்குக் கையில். மாடியில் குடியிருக்கும் பெண்களுக்குக் கையில், கூடவே ஒரு முறுக்கும். பார்த்தா ஸ்வாமி வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால் மாத்திரம், மாமி சமையலறையிலிருந்து வந்து, அவருக்கு மூன்றடி தள்ளி இருக்கும் ஜன்னல் திட்டில் டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"மடி" என்பார் மாமியின் கணவர் பராங்குசம். சொல்லும்போது மீசையில்லாத அந்த முகத்தில் மீசை முறுக்குகிற பெருமை வரும். "இந்தக் காலத்துலே யாராத்துலே சார் இப்படி மடி பாக்கறா? ஸ்வாமி கோவில்லேருந்து நேரா வரார். அந்தச் சுத்தத்தோட இருக்கறவா மேலே கை பட்டுடப்டாதுன்னு இவளுக்கு ஒரு இது."

"நீங்களும் அதே கோவில்லேருந்துதானே வர்றீங்க? உங்களுக்குக் கையில குடுக்கறாங்களே?" என்றேன்.

"நான் ஆத்துக்காரன். எனக்கு விதிவிலக்கு."

குலம் கோத்திரம் பார்த்து மடி என்றால் ஜன்னல் எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், பத்தாயிரம் போல்ட்டில் ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுவேன். இந்த ஜன்னல் விஷயம் மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. என் மூளையைப் பற்றி என் மனைவி சொல்வதெல்லாம் உண்மைதான் போலிருக்கிறது.

எங்கள் தெரு ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கோவிலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறது. தெருக்கோடியில் சின்னதாக ஒரு கிருஷ்ணர் கோவில். அங்கே தினமும் காலையில் ஏழெட்டுப் பேர் இரண்டு வரிசையாக நின்று பாசுரம் சொல்வார்கள். அதற்குக் கோஷ்டி என்று பெயர். பராங்குசம் மடப்பள்ளியில் புளியோதரை கிண்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து வரிசையில் நின்றுகொள்வார். ஆள் ஒல்லி, குரல் லாரி ஹாரன். கோஷ்டிக்குத் தலைவர் பார்த்தா ஸ்வாமி. ரிட்டயரான அதிகாரி, சால்வை, வெயிலோ மழையோ கையில் குடை. தெருவில் அவரைப் பார்த்தால் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கிக் கும்பிடுவான்.

மாடி அறையில் இரண்டு பெண்கள். மாரிசெல்வி, நாச்சியார். இரண்டு பேரும் நாங்குநேரிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டை அருகே ஒரு கம்பெனியில் காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டுகிற வேலை. ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பின் பசை ஒட்டி விரல்நுனிகள் எப்போதும் மை வைத்த மாதிரி இருக்கும். அதில் மாரிசெல்விக்கு இருபத்து மூன்று வயது, பேச்சு கொஞ்சம் அதிகம், பயம் கொஞ்சம் குறைவு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓ.டி. முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தெருமுனையில் பைக்கில் இரண்டு பேர் வட்டம் போட்டார்கள். ஒருவன் நாச்சியாரின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். மாரிசெல்வி தெருவே அதிரும்படி கத்தினாள். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கடைசியில் அவள் சாப்பாட்டு கேரியரைச் சுழற்றி ஒன்று வைத்தாள். பைக் ஓடிப்போனது. கேரியரின் மேல்தட்டு சாக்கடையில் கிடந்தது. அதில் மிச்சமிருந்த புளிக்குழம்பு அந்த வீரனின் வெள்ளைச் சட்டையோடு போயிற்று.

நாச்சியார் அதைத் தன் அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். மாரிசெல்வியின் அப்பா இசக்கியப்பன் காதுக்குப் போகும்போது பைக் நாலாகி, ஆள் எட்டாகி, கையில் அரிவாளும் வந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் மாரிசெல்வி கீழே வந்து மாமியின் கூடத்தில் உட்கார்ந்தாள். நானும் பேப்பர் படிக்கிற சாக்கில் அங்கேதான் இருந்தேன். காற்றே இல்லை. ஹைவேயில் கண்டெய்னர் லாரிகள் போகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம விடிய வந்துருவாகளாம் மாமி. பொட்டியக் கட்டி வையின்னு சொல்லிட்டாக."

"வரட்டுமே. வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போகட்டும். பொட்டியை எதுக்குக் கட்டணும்?"

"ஒன்னாந்தேதி என்னய லைன் லீடரா போடுதாக மாமி. நாப்பது பேருக்கு நான்தான். ரெண்டு வருசமா அதுக்குத்தான கெடந்து ஓடுனேன். இப்ப ஊருக்குப் போனா அம்புட்டுதான். அங்கன மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காக. உரக்கடை."

"உரக்கடையா?"

"ஆமா. ஆளும் மூட்டை மாதிரிதான் இருப்பாரு."

மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு முருங்கைக்கீரையை உருவினாள். பராங்குசம் தொண்டையைச் செருமினார். "அப்பா சொல்றதுலேயும் நியாயம் இருக்கோல்லியோம்மா? தெருவிலே பாதுகாப்பு இல்லேன்னா அவர் என்ன பண்ணுவார்?"

"பாதுகாப்பு எப்படி சார் வரும்? நேத்து நான் கத்துனேனே, உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுது."

"பெறவு?"

"டீவின்னு நெனச்சேன்."

மாரிசெல்வி என் பக்கம் திரும்பினாள். நான் பேப்பரை உயர்த்தினேன். "அண்ணாச்சி, உங்களுக்கு?"

"கேட்டுச்சும்மா. யாராவது போவாங்கன்னு..."

"எல்லாரும் யாராவது போவாகன்னுதான் உள்ள இருந்திருக்கிய." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் சுட்டது. "எங்க லைன்ல தலைக்கு மேல ஒரு மஞ்சக் கயிறு ஓடும் சார். ஒயர்ல என்னமோ சரியில்லன்னு பட்டா இழுத்துரணும். பட்டாப் போதும், உறுதியாத் தெரிய வேண்டாம். இழுத்தா பாட்டு வரும், லைட்டு எரியும், லீடரு ஓடி வரணும். வந்த பெறவுதான் என்னன்னு கேக்கணும்."

"தப்பா இழுத்துட்டா?"

"ஏசக் கூடாது. தேங்க்ஸ் சொல்லணும். அதான் ரூலு."

பராங்குசத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதென்ன பெரிய அதிசயம்? எங்க கோஷ்டியிலே காலங்காலமா இதானே வழக்கம்! ஒருத்தர் முதல் ரெண்டு வார்த்தையை எடுப்பார். எடுத்ததும் மத்தவா சேர்ந்துக்கணும். இப்போ ஏன் எடுத்தேள்னு எவனாவது கேட்டுண்டு நிப்பானா? தப்பான எடத்துலே எடுத்தாக்கூட சேர்ந்து சொல்லி முடிச்சுட்டு, வெளியிலே வந்துதான் சண்டை. ஒருத்தர் எடுத்ததை அந்தரத்துலே விடப்டாதும்மா. அது மகா அபசாரம்."

மாரிசெல்வி அவரையே பார்த்தாள். "சார், இதையே தெருவுக்கு வச்சிக்கிட்டா என்ன?"

"எதை?"

"யாரு கத்துனாலும் எல்லா வீட்லயும் சேந்து கத்தணும். என்ன ஏதுன்னு பெறவு கேட்டுக்கிடலாம்."

"தெருவிலே கோஷ்டியா?" என்று பராங்குசம் வாயைப் பிளந்தார். மாமி கீரையிலிருந்து நிமிராமலே சொன்னாள்: "நன்னாத்தானே இருக்கு. இந்தக் குரலை வெச்சுண்டு வேறே என்ன பண்ணப் போறேள்?"

அப்படித்தான் வகுப்பு ஆரம்பித்தது. மாரிசெல்வி கம்பெனியில் மூன்று நாள் தற்காப்புப் பயிற்சி எடுத்தவள். 'ஐயோ', 'அம்மா' என்று கத்துவதால் பிரயோஜனமில்லையாம். அவன் என்ன செய்யவேண்டுமோ அதைச் சொல்லிக் கத்த வேண்டுமாம். "தள்ளி நில்லு!" என்பது தெருவின் வாசகமாக முடிவாகி, வீட்டுக்கு வீடு சொல்லியும் ஆயிற்று. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாமியின் கூடத்தில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நடத்திக் காட்ட வேண்டும். அவருக்கு நம்பிக்கை வந்தால் மாரிசெல்வி இருப்பாள். வராவிட்டால் உரக்கடை.

பத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். கெட்டவன் வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த வாரம் காலை ஷிஃப்ட், தட்டிக்கழிக்க முடியவில்லை. முன்னால் ஒரு தலையணை, பின்னால் ஒரு தலையணை, சுற்றிலும் அந்தக் கறுப்பு ஒயர் டேப், தலையில் பராங்குசத்தின் ஹெல்மெட். கூடத்து வாசற்படியில் நடக்கவே தடுமாறினேன்.

தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் சந்திரம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சார் நீ, வர்ற வரத்தப் பாத்தா பயமே வரல. கல்யாண வூட்டுக்குப் பாய் தூக்கிக்கினு வர்ற மாதிரி கீது. மூஞ்சிய கொஞ்சம் மொறச்சிக்கினு வா."

முறைத்துக்கொண்டு போனேன். "தள்ளி நில்லு!" என்று ஒரு கத்துக் கத்தி முழங்கையால் தலையணையில் இடித்தாள் பாருங்கள், இட்லி மாவு ஆட்டுகிற கை அது. தலையணையையும் தாண்டி எனக்கு உயிர் போய் வந்தது.

மாமியின் முறை வந்தது. நான் கையை நீட்டிக்கொண்டு போனேன். மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோளேன்" என்றாள்.

"மாமி! திருடன்ட்ட என்ன மரியாத? கோவமாச் சொல்லுங்க."

"கோவமே வரல்லியேடி. பாவம், எதிராத்து சார். காலம்பற அஞ்சு மணிக்கு எழுந்து வேலைக்குப் போறவர்."

மூன்று நாளும் அதே கதைதான். மாமியின் குரல் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை மாரிசெல்வி வேறு மாதிரி கேட்டாள்: "சரி, நான் சொல்லித் தாரது கெடக்கட்டும். ஏற்கெனவே உங்ககிட்ட என்னென்ன வழி இருக்கு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க." நாச்சியார், ஷேர் ஆட்டோவில் இடிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் போனை எடுத்து, 'ஆமாண்ணே, ஸ்டேஷன்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க' என்று பேசுவாளாம். எதிர்முனையில் யாருமே இருக்கமாட்டார்கள். சந்திரம்மாள் கடையில் மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீர் ஒரு பாட்டில் தயாராக இருக்குமாம். "அத்த ஒரு தபா எம் புருசன் சோடான்னு குடிச்சிட்டான்" என்றாள். கூடமே சிரித்தது.

"மாமி, நீங்க?"

"எங்கிட்ட ஒண்ணுமில்லையே. நான் எங்கே வெளியிலே போறேன்?" என்று எழுந்தாள் மாமி. "அடுப்பிலே பால் வெச்சிருக்கேன்." பால்காரர் அன்றைக்கு வரவில்லை என்று மாமியே சாயங்காலம் புலம்பிக்கொண்டிருந்தது எனக்கு அப்புறந்தான் ஞாபகம் வந்தது.

இதற்கிடையில் தெரு முழுக்கப் பயிற்சி முற்றிப்போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் சந்திரம்மாளின் மாவுப் பாத்திரத்தில் ஒரு மாடு வாயை வைத்தது. "தள்ளி நில்லு!" என்றாள். அவ்வளவுதான், முதல் வீடு, மூன்றாம் வீடு, தையல்கடை, கோவில் என்று வரிசையாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் பார்சலோடு வந்த கூரியர்காரர் பார்சலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மாடு மட்டும் நகரவில்லை. பராங்குசம் மடப்பள்ளியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் நேரே சந்திரம்மாளிடம் போய், "தேங்க்ஸ்" என்றார்.

"இன்னாத்துக்கு சாமி?"

"தப்பா இழுத்தாலும் சொல்லணுமாம். ரூல்."

சனிக்கிழமைக்குள் இப்படி ஆறு தேங்க்ஸ் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இசக்கியப்பன் வந்தார். ஒரு கட்டைப்பை நிறையக் கருப்பட்டி. கறுத்து மெலிந்த மனிதர், தோளில் துண்டு, கண்ணில் சந்தேகம். மாமி போட்ட சாத்தமுது என்கிற ரசத்தையும் அப்பளத்தையும் தலை நிமிராமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் முதல் கேள்வி: "பொட்டியக் கட்டிட்டியா?"

"சாயங்காலம் நாலு மணிக்கு ஒருக்க வந்து பாருங்கப்பா. பெறவு சொல்லுங்க."

"சத்தம் போட்டுட்டா ஆச்சா? எங்கூர்ல நாய்கூடத்தான் சத்தம் போடுது."

நாலு மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கூடினோம்; தெருக்காரர்கள் சேர்ந்து கத்துவதற்காக அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். நான் தலையணைகளோடு வெந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, யாரும் அழைக்காமல், குடையைத் தட்டிக்கொண்டு பார்த்தா ஸ்வாமி படியேறி வந்தார். "நம்ம தெருவிலே நல்ல காரியம் நடக்கறது, நான் வராம இருந்தா நன்னாருக்குமோ?" என்றார். பராங்குசம் ஓடிப்போய், இருந்த ஒரே நாற்காலியிலிருந்து இசக்கியப்பனை எழுப்பிவிட்டு ஸ்வாமியை உட்காரவைத்தார்.

ஸ்வாமி பேசினார். பத்து நிமிஷம். "பெண் குழந்தைகள் ஆறு மணிக்குள்ளே ஆத்துக்குள்ளே வந்துட்டா இந்த வகுப்புக்கே அவசியமில்லை. நாம அடக்கமா இருந்தா லோகமும் அடக்கமா இருக்கும். கத்தறது, இடிக்கறது, இதெல்லாம் குடும்பப் பொண்களுக்கு அழகா?"

இசக்கியப்பனின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. "பெரியவரு சொல்லுதது ரொம்பச் சரி" என்று தலையாட்டினார். மாரிசெல்வியின் முகம் செத்துப்போயிற்று. மூன்று நாள் தலையணையில் நான் வாங்கிய இடியெல்லாம் வீணாயிற்றே என்று எனக்கு வயிறெரிந்தது.

"இங்கே வா குழந்தே" என்றார் ஸ்வாமி. எழுந்து நின்று, அவள் தலையில் கையை வைத்தார். "நன்னா இரு. அப்பா பேச்சைக் கேளு." கை தலையிலிருந்து பிடரிக்கு வந்தது. பிடரியிலிருந்து தோளுக்கு வந்தது. அங்கே நின்றது. அவர் இசக்கியப்பனைப் பார்த்து ஊர், மழை, விளைச்சல் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். கை மெதுவாக முதுகில் இறங்கியது.

மாரிசெல்வி மரமாக நின்றாள். நாற்பது பேருக்கு லீடராகப் போகிறவள், பைக்கில் வந்தவனைக் கேரியரால் அடித்தவள், வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நன்றாகவே தெரிந்தது. பார்த்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மாமி காபித்தட்டோடு படியேறி வந்தாள். மேல்படியில் நின்றாள். ஒரு கணம் பார்த்தாள். தட்டைக் கைப்பிடிச் சுவரில் ணங்கென்று வைத்தாள்.

"தள்ளி நில்லு!"

அந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தொட்டியின் மேலிருந்த காக்கைகள் எழும்பின. கீழே தெருமுனையில் சந்திரம்மாள் யார், என்ன என்று கேட்கவில்லை. "தள்ளி நில்லு!" என்றாள். முதல் வீடு எடுத்தது. மூன்றாம் வீடு எடுத்தது. தையல்கடையிலிருந்து வந்தது, கோவில் வாசலிலிருந்து வந்தது. தெரு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது.

மாடியில் மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பார்த்தா ஸ்வாமி கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "மாமிக்கு ப்ராக்டீஸ் ஜாஸ்தியாயிடுத்து. பராங்குசம், கொஞ்சம் சொல்லும் உம்ம ஆத்துலே."

பராங்குசம் ஸ்வாமியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "வேங்கடம், என்னடி இது? ஸ்வாமிடி..."

"தெரியும்." மாமி குரலை இறக்கவில்லை. "இருபத்தாறு வருஷமா இவருக்குக் காபியைக் கையிலே குடுக்காம ஜன்னல்லே வெக்கறேன். மடி மடின்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுண்டேள். ஒருநாள், ஒரே ஒருநாள், ஏண்டி அப்படி வெக்கறேன்னு எங்கிட்ட கேட்டேளா? டம்ளரோட விரலையும் சேர்த்துப் பிடிப்பார். ரெண்டு தரம் தவறிப்போய்ப் பட்டதாக்கும்னு இருந்தேன். மூணாந்தரத்துலேருந்து ஜன்னல்."

பராங்குசம் நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இருபத்தாறு வருஷம் தினமும் காலையில் ஸ்வாமிக்குப் பக்கத்தில் நின்று, அவர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் சேர்ந்து சொன்ன வாய் அது. அந்த வாய் இரண்டு முறை திறந்து மூடியது. பிறகு அவர் கோவிலில் செய்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார். மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்.

"தள்ளி... நில்லு!"

பாசுரம் சொல்கிற அதே ராகம், அதே இழுப்பு. அதைச் சேர்ந்து சொல்லாமல் இருக்க யாரால் முடியும்? நான் ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். நாச்சியார் கத்தினாள். மாரிசெல்வி கத்தினாள், கத்தும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கீழே தெரு மறுபடி எடுத்துக்கொண்டது.

பார்த்தா ஸ்வாமி வெயில் தாழ்ந்திருந்தும் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். அவர் தெருவில் போகப் போக ஒவ்வொரு வீடாகச் சத்தம் கூடவே போயிற்று. எதற்கென்று தெரியாவிட்டாலும் எடுத்ததை விடக்கூடாதே. எதிரில் வந்த தையல்காரர் பழக்கதோஷத்தில் ஒரு கையால் ஸ்வாமியைக் கும்பிட்டுக்கொண்டே, "தள்ளி நில்லு!" என்று கத்தினார். குடை மூலை திரும்பி மறைந்த பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, இசக்கியப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "தள்ளி நில்லுல!" என்றார். ஆள் போயே போய்விட்டார் என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கூட்டம் கலைந்தது. மாரிசெல்வி தொட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். இசக்கியப்பன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அது சுலபத்தில் வருகிற டேப் இல்லை.

"ஏ தாயி, மூணு நாளா ஊருக்கே சொல்லிக் குடுத்தியாமே. நீ ஏன் கத்தல?"

"நீங்க இருந்தியளேப்பா."

"நான் இருந்தா என்ன?"

"பெரியவரு சொல்லுதது சரின்னு தலையாட்டிக்கிட்டு இருந்திய. நான் கத்துனா உங்களுக்கு அசிங்கமாப் போயிருமோன்னு நெனச்சேன்."

அவர் துண்டின் நுனியைத் திரித்தார். "நான் இல்லன்னா கத்தியிருப்பியோ?"

"கத்தியிருப்பேன். அந்தக் கேரியரு இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"அப்பம் நான் ஊருக்குப் போறதுதான் உனக்குப் பாதுகாப்பு" என்று எழுந்தார் இசக்கியப்பன். "அஞ்சரைக்கு பஸ்ஸு இருக்குல்லா?"

"எப்பா, உரக்கடை?"

"மூட்டைகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ லீடர் வேலையப் பாரு."

மகள் அந்தப் பெயரை அவரிடமும் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போகும்போது மாமி கொடுத்த காபியை அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கருப்பட்டி முழுவதும் மாமிக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து நான் ராத்திரி ஷிஃப்டுக்கு மாறியிருந்ததால் காலையில் மாமியின் கூடத்தில் இருந்தேன். பராங்குசம் கோவிலிலிருந்து வந்தார். அன்றைக்குப் பார்த்தா ஸ்வாமி கோஷ்டிக்கு வரவில்லையாம். "நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாமி வந்தாள். எனக்குக் கையில் கொடுத்தாள். இன்னொரு டம்ளரை மூன்றடி தள்ளி ஜன்னல் திட்டில் ணங்கென்று வைத்தாள்.

பராங்குசம் ஜன்னலைப் பார்த்தார். "எனக்குமா?"

"ஒரு வாரத்துக்கு."

"கேக்காம இருந்ததுக்கா?"

"இதைக் கேக்கறதுக்கே இருபத்தாறு வருஷம் ஆயிருக்கு" என்று மாமி துடைப்பத்தை எடுத்தாள்.

அவர் எழுந்து போய் டம்ளரை எடுத்துக்கொண்டார். "நியாயம்தான்" என்றார். எனக்குக் கையிலிருந்த காபி சுட்டது. கொடியில் காய்ந்த துணி ஞாபகம் வந்தது. எழுந்து போய் என் டம்ளரை அந்த ஜன்னல் திட்டில் ஒருதரம் வைத்தேன், பிறகு அங்கிருந்து எடுத்துக் குடித்தேன். மாமி அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்கோ, பெருக்கணும்!" என்றாள்.

நேற்றுத் திறந்த குரல் இன்னும் மூடவில்லை. அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. முனையிலிருந்து சந்திரம்மாள், "தள்ளி நில்லு!" என்றாள். முதல் வீடு எடுத்தது. மூன்றாம் வீடு எடுத்தது. தையல் மிஷின் நின்றது. மாமி நாக்கைக் கடித்துக்கொண்டு, போய்த் தேங்க்ஸ் சொல்வதற்காகத் துடைப்பத்தோடு வாசலுக்கு ஓடினாள். பராங்குசம் வாயிலிருந்த காபியை அவசரமாக விழுங்கிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரு அதிரச் சேர்ந்துகொண்டார்.